எந்தக் கோயிலடி

செல்வரட்ணம் நடைபாதையில் முழந்தாளிட்டு, வீட்டு வாசலில் பதித்திருந்த பித்தளைக் கல்லைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊறவைத்த பழப்புளியோடு உப்பைச் சேர்த்துப் பிசைந்து, பழைய காலுறை ஒன்றைச் சுருட்டி, எழுத்துகளின் இடுக்கெல்லாம் விரலால் அழுத்தித் தேய்த்தார். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. வுப்பர்டாலில் மழை விட்டிருந்தது, குளிர் விடவில்லை. இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வந்திருக்கவில்லை.

கல் என்றால் பெரிய கல் அல்ல. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. இங்கே வாழ்ந்தார் ஹெட்விக் ஸ்டெர்ன், பிறப்பு 1880, பிடித்துச் செல்லப்பட்டது 1942, கொல்லப்பட்டது 1943 என்று அதில் பொறித்திருந்தது. நாசிகள் காலத்தில் யூதர் என்று இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வாசல்களில் இப்படிக் கற்களைப் பதிப்பது ஜெர்மனியில் வழக்கம். கவனிக்காமல் விட்டால் கறுத்துப்போகும். மற்ற வாசல்களில் கடையில் வாங்கிய மருந்தைப் போட்டுத் துடைத்தார்கள். செல்வரட்ணத்துக்கு அந்த மருந்தில் நம்பிக்கை இல்லை. ஊரில் பீடத்து மெழுகுதிரித் தண்டுகளைப் புளியால்தான் மினுக்குவார்கள். மினுக்கியவர்களில் அவரும் ஒருவர்.

இரண்டாம் மாடி ஜன்னலைத் திறந்துகொண்டு பிளோறன்ஸ் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, நாளைக்குக் குழம்புக்கும் கொஞ்சம் புளி மிச்சம் வையுங்கோ. கல்லுச் சாப்பிட வராது. சம்பந்தக்காரர்தான் வருவினம்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சம்பந்தக்காரர் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னும் எதுவும் தீரவில்லையே. மகள் எவ்லின் விரும்புகிற பெடியன் ஜூலியன், அவனுடைய தாய் தகப்பனோடு நாளை ஞாயிறு மதியம் சாப்பிட வருகிறான். அதற்குள், அந்தக் குடும்பத்தை விசாரித்துச் சொல்வதாக இருந்த சந்திரகாந்தி மச்சாள் ரொறொன்ரோவிலிருந்து அழைத்தாக வேண்டும். அங்கே இன்னும் விடியவில்லை.

செல்வரட்ணத்தை வுப்பர்டால் தமிழர்களுக்கு இரண்டு விதமாகத் தெரியும். பூட்டுகள் செய்கிற தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பது ஒன்று. மற்றது சம்பளம் இல்லாத வேலை. யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் எங்கே கலியாணப் பேச்சு எழுந்தாலும், பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் அவருக்கு அழைப்பு வரும். யார் யாருக்குப் பிள்ளை, எந்தப் பேத்தி எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அழைப்பவர்கள் குசலம் விசாரிப்பார்கள், காலநிலை கேட்பார்கள், கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அண்ணை, அவை எந்தக் கோயிலடி?" என்பார்கள்.

அந்த ஊர்களில் மாதா கோயிலும் கோயில்தான். செல்வரட்ணத்தின் ஊரில் இரண்டு இருந்தன. கடற்கரை வீதியில் பெரிய கோயில், ஒழுங்கைக்குள் சின்னக் கோயில். இரண்டிலும் ஒரே பூசை, ஒரே பாதர். ஆனால் எந்தக் குடும்பம் எங்கே முழந்தாளிடும் என்பது பிறப்பிலேயே தீர்ந்துபோன விஷயம். செல்வரட்ணம் தன் வாயால் ஒருநாளும் ஒரு சாதியின் பெயரைச் சொன்னதில்லை. பெரிய கோயிலடி என்பார், அல்லது சின்னக் கோயிலடி என்பார். எதிர்முனையில் ஒரு சின்ன இடைவெளி விழும், பிறகு நன்றி சொல்லுவார்கள். "கேட்டவை, இருந்ததைச் சொன்னனான். மிச்சம் அவையின்ர விருப்பம்" என்பார் பிளோறன்ஸிடம். யாருக்காகவும் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமையும் உண்டு. சில கலியாணங்கள் நடந்தன. சில நின்றுபோயின. அப்படிக் கலியாணம் நின்றுபோன ஒருத்தி ஒவ்வோர் ஆவணியிலும், ஐரோப்பாத் தமிழர் கூடுகிற கேவலார் மாதா திருவிழாவுக்கு வருவாள். செல்வரட்ணத்தைக் கண்டால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். வெயில் அடிக்குது என்று அவர் தனக்குச் சொல்லிக்கொள்வார்.

அவர் கல் மனதுக்காரர் அல்ல. எண்பத்தைந்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கே வந்து, அகதி முகாமில் ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்து எழும்பியவர். அதற்கு முன், எண்பத்து மூன்றில் கொழும்பில் ஒரு பஸ்ஸை மறித்து, தமிழனா என்று பார்க்கப் பெயர் கேட்டபோது, செல்வரட்ணம் என்பதை விட்டு அவர் சொன்ன ஞானஸ்நானப் பெயர் அவரைக் காப்பாற்றியது. பின் ஆசனத்தில் இருந்தவரைக் காப்பாற்றவில்லை. அதைப் பற்றி அவர் பேசுவது குறைவு. தொண்ணூற்று மூன்றில் பக்கத்து ஊரான சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்கு இரவில் தீ வைத்தார்கள். ஐந்து பேர் எரிந்துபோனார்கள், எல்லோரும் பெண்களும் பிள்ளைகளும். அந்தக் கோடை முழுக்க அவர் கதவுக்கு உள்ளே இரண்டு வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். தண்ணீரை மாற்றுவது பிளோறன்ஸின் வேலை.

தொழிற்சாலையில் ஒரு வயதான மேற்பார்வையாளர் இருந்தார். ஒருநாள் தேநீர் இடைவேளையில் செல்வரட்ணத்தின் தோளில் தட்டி, உங்கள் பக்கத்து ஆட்கள்தான் அசல் ஆரியர், துருக்கிக்காரரைப் போல அல்ல என்று பாராட்டினார். வீட்டுக்கு வந்து சொன்னபோது பிளோறன்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரில் சிங்களவன் தன்னை ஆரியன் என்று சொல்லித்தான் நம்மை அடித்தான், இங்கே ஒருத்தர் உங்களுக்கு அந்தப் பட்டத்தைச் சும்மா தந்துவிட்டாரே என்றார். எவ்லின் வளர்ந்த பிறகு, அது ஆதியில் மொழிகளுக்கு வைத்த பெயர் என்றும், யாரோ அதைத் தூக்கி இரத்தத்துக்கு வைத்தார்கள் என்றும் விளக்கினாள். செல்வரட்ணம் தலையாட்டினார். படித்தவர்களுக்கு இப்படி மூளை பிசகும் என்று நினைத்தார்.

இந்தக் கல்லைப் பதித்த வருடம் அவர் ஒரு பிழை விட்டார். ஹெட்விக் என்பது ஒரு புனிதையின் பெயர். அந்தப் பெயரைக் கண்டதும் செத்தது நம்முடைய ஆள் என்று முடிவுகட்டி, கல்லறைத் திருநாள் அன்று கல்லின் மேல் செவ்வந்தி வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, ஒரு சின்னச் சிலுவையையும் நட்டுவிட்டார். கல்லறை இல்லாத ஆளுக்கு வாசல்தானே கல்லறை என்பது அவருடைய கணக்கு. கீழ்மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஃப்ராவ் க்ரோனே பதறிப்போய்க் கதவைத் தட்டினார். மெழுகுதிரி இருக்கட்டும், பூவும் இருக்கட்டும், சிலுவை மட்டும் வேண்டாம், அவர் யூதப் பெண் என்றார். செல்வரட்ணம் காது சூடாகப் படியிறங்கிப் போய்ச் சிலுவையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்துதான் சனிக்கிழமைதோறும் தேய்க்கத் தொடங்கினார்.

போன கிழமை அதே ஃப்ராவ் க்ரோனே மறுபடியும் கதவைத் தட்டினார். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழைய பதிவுகளைத் தேடியிருக்கிறார்கள். ஹெட்விக் ஸ்டெர்ன் இருபத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தவராம். அதுவும் மேட்டில் இருக்கிற கோயிலில். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை நடக்கிற அதே கோயில். ரிபன் நெய்கிற ஆலையில் எழுத்து வேலை பார்த்தவர், கலியாணம் செய்யாதவர், பாடகர் குழுவில் இருந்தவர். ஃப்ராவ் க்ரோனே கண்கலங்கி, நீங்கள் வைத்த சிலுவை சரிதான், என்னை மன்னியுங்கள் என்றார். யூதக் கோயில்களை எரித்த நாளான ஒன்பதாம் தேதி மாலை வாசலில் சின்ன நினைவுக் கூட்டம் வைக்கிறோம், இந்த வீட்டில் இருப்பவர் என்ற முறையில் நீங்கள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த ஒன்பதாம் தேதிதான் நாளை. மதியம் ஜூலியன் வீட்டார், மாலை கூட்டம். செல்வரட்ணத்துக்கு இரண்டு இரவாகச் சரியான நித்திரை இல்லை. சோபாவில் இருப்பார், எழும்புவார், கதிரைகளை எண்ணுவார், ஜன்னலடிக்குப் போய்க் கீழே ஆற்றின் மேலாகப் போகிற தொங்கு ரயிலைப் பார்ப்பார். ஜூலியன் அந்த ரயில்களின் பட்டறையில்தான் வேலை செய்கிறான். கேவலாரில் ரோல்ஸ் பொரித்து விற்கிற கடையில் அவன் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபோதுதான் எவ்லினுக்குப் பழக்கம். பெடியனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கரைச்சல். குறை இருந்தால் அதைச் சொல்லித் தப்பிக்கலாம்.

பின்னேரம் எவ்லின் மடிக்கணினியோடு குசினி மேசையில் இருந்தாள். பிளோறன்ஸ் வெங்காயம் நறுக்கினார். செல்வரட்ணம் நாளைய பேச்சைத் தமிழில் சொல்லச் சொல்ல மகள் ஜெர்மனில் அடித்தாள்.

"எழுது பிள்ளை. ஹெட்விக் ஸ்டெர்ன் எங்கட கோயில்காரி. நாங்கள் பாடுற இடத்தில நிண்டு பாடினவ. எங்கட ஆள்."

எவ்லின் அடித்து முடித்துவிட்டு, பாடகர் குழுவில் நின்ற ஒருத்தியை யூதப் பெண் என்று எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா என்று கேட்டாள். அயலவர் யாராவது சொல்லியிருப்பார்கள் என்றார் அவர். அப்படியில்லை என்று அவள் விளக்கத் தொடங்கினாள். எவ்லின் ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். விளக்கும்போது விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவது அவள் வழக்கம்.

"மண்டையை அளந்து பாத்தவை அப்பா, மூக்கை அளந்து பாத்தவை, கண்ணுக்கு நிறப்பட்டியல் வச்சுப் பாத்தவை. ஒண்டும் சரிவரேல்லை. கடைசியில அப்பப்பா அம்மம்மா எந்தக் கோயில் எண்டு பாத்தவை. நாலு பேரில மூண்டு பேர் யூதக் கோயில் எண்டால் நீயும் யூதன். நீ ஞானஸ்நானம் எடுத்தால் என்ன, எடுக்காட்டில் என்ன. இரத்தம் இரத்தம் எண்டு கத்திப்போட்டுப் பாத்தது கோயில் புத்தகத்தை. நான் தினமும் எத்தினை பேரின்ர இரத்தம் பாக்கிறன். சீனி தெரியும், கொழுப்புத் தெரியும். கோயில் தெரியாது."

அந்தப் புத்தகங்களை யார் கொடுத்தது என்று கேட்டார் செல்வரட்ணம். நாடு முழுவதும் கோயில் அலுவலகங்களில் வரிசையில் நின்று, பரம்பரையில் யூதர் இல்லை என்பதற்குச் சனங்கள் சான்றிதழ் வாங்கினார்கள் என்றாள் எவ்லின். வேலைக்கு வேண்டும், கலியாணத்துக்கு வேண்டும். எழுதிக் கொடுப்பதற்கென்றே ஆள் வைத்திருந்த இடங்களும் உண்டு. ஹெட்விக்கின் ஞானஸ்நானப் பதிவில் தாய் தகப்பனின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் யூதர் என்று எழுதியிருந்தது. ஆலையிலிருந்து கேட்டார்கள். அலுவலகத்தில் இருந்தவர் அந்த வரியைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தார்.

செல்வரட்ணத்துக்குக் கோபம் வந்தது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார்.

"தண்ணி ஊத்தின கோயிலே காட்டிக் குடுக்கிறதோ? அந்த ஒரு வரியை விட்டிட்டு எழுதினால் என்ன, கை முறிஞ்சு போமோ?"

"காட்டிக் குடுத்ததா அவர் நினைச்சிருக்கமாட்டார் அப்பா." எவ்லின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேட்டவை, இருந்ததைச் சொன்னவர். மிச்சம் அவையின்ர விருப்பம்."

கத்தி பலகையில் ஓய்ந்தது. பிளோறன்ஸ் திரும்பிப் பார்க்காமல் நின்றார். செல்வரட்ணம் மகளின் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து அறைக் கதவுக்குப் பின்னால் கேட்டு வளர்ந்த வசனம் அது. குத்திக் காட்டுகிறாளா, நாக்கில் தானாக வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. சந்திரகாந்தி மச்சாள்.

அவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மச்சாள் முதலில் கனடாக் குளிரைப் பற்றிச் சொன்னார், முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். செல்வரட்ணம் ஓம், ஓம் என்றபடி நடந்தார். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே நடக்க இடம் போதாது. பிறகு மச்சாள் குரலைத் தாழ்த்தினார். பெடியனின் தகப்பனைப் பெற்றவ சின்னக் கோயிலடியாம். கலியாணம் முடித்த கையோடு மன்னாருக்குப் போய் இருந்துவிட்டார்களாம். அங்கே ஒருவருக்கும் தெரியாததால் பெரிய கோயிலிலேயே எல்லோரோடும் சேர்ந்து இருந்துவிட்டார்களாம். அதை விட்டால் நல்ல குடும்பம், ஒரு குறையும் இல்லை என்று முடித்தார் மச்சாள். செல்வரட்ணம் நன்றி சொன்னார். சொன்ன பிறகுதான், அத்தனை வருடங்களாக எதிர்முனையில் விழுந்த அந்தச் சின்ன இடைவெளி இப்போது தன் பக்கத்தில் விழுந்ததைக் கவனித்தார்.

கட்டிலில் இருந்தார். எழும்பி விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். மறுபடியும் இருந்தார். தெரிந்துவிட்டால் மனம் ஓரிடத்தில் நிற்கும் என்று நினைத்திருந்தார். அது நிற்கவில்லை. சொல்லாமல் விடலாமா என்று யோசித்தார். மச்சாளின் வாயை யார் அடைப்பது?

குசினிக்குத் திரும்பியபோது பிளோறன்ஸ் மறுபடியும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்றார் பிளோறன்ஸ்.

"சின்னக் கோயிலடி. அப்பம்மா பக்கம். கலியாணம் முடிச்ச கையோட மன்னாருக்குப் போனவையாம்."

வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பற்றிச் சொன்ன சொல்தான். தன் வீட்டு மேசையில், தன் பிள்ளைக்கு முன்னால் சொன்னது இதுதான் முதல் தடவை. பொய் சொல்லுவார் என்று எவ்லின் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் முகம் ஒரு கணம் இளகியது, உடனே இறுகியது. ஜூலியனைப் பற்றியும் விசாரித்தீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். எந்தத் தகப்பனும் விசாரிப்பான் என்றார் அவர். வேலையை விசாரிக்கலாம், குடியை விசாரிக்கலாம் என்றாள் அவள். அதையும் விசாரித்தேன் என்றார். இரண்டு பேருடைய குரலும் ஏறியது.

"அதையும் இதையும் ஒண்டாக்காதை, பிள்ளை." அவர் கை கணினிப் பக்கம் நீண்டது. "அவங்கள் கொலை செய்தவங்கள். ரயிலில ஏத்திக்கொண்டுபோய்ச் சாக்காட்டினவங்கள். நான் ஆரையும் கொல்லேல்லை."

"ஓம் அப்பா. ஒண்டில்லைத்தான். ஒண்டெண்டு நான் சொல்லவுமில்லை." எவ்லின் உண்மையாகவே அதை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னாள். "ஆனால் ஹெட்விக்கை எங்கட ஆள் எண்டனீங்கள். நூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரி, மொழி தெரியாது, முகம் தெரியாது. தண்ணி ஊத்தினபடியால் எங்கட ஆள். ஜூலியனுக்கும் அதே தண்ணிதானே ஊத்தினது?"

உலகம் கதைக்கும் என்றார் அவர்.

"எந்த உலகம்?" பிளோறன்ஸ் வெங்காயத்தைச் சட்டிக்குள் வழித்துப் போட்டார். "சந்திரகாந்தி மச்சாளும், பாரிஸில ரெண்டு பேரும். அதுதானே உங்கட உலகம். அவையின்ர ஃபோனை நீங்கள் எடுக்காட்டில் அவைக்குக் கதைக்க ஆரும் இல்லை."

செல்வரட்ணம் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு குவளை நிரப்பினார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதிரில் இருந்த இருவரும் தன் பக்கம் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் காலடியில் இருந்த தரையை யாரோ மெதுவாக நகர்த்துவது போலவும் இருந்தது. அவருடைய தாயும் தகப்பனும் பெரிய கோயிலின் முன்வரிசையில் முழந்தாளிட்டவர்கள். அந்த வரிசை வெறும் வாங்குப் பலகை என்று இந்த வயதில் யார் அவரை நம்பவைப்பது?

"வரட்டும்" என்றார் கடைசியில். "வந்து வடிவாச் சாப்பிடட்டும். பின்னேரம் கூட்டத்துக்கும் நிக்கட்டும். இப்ப ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. பிறகு பாப்பம்."

"பிறகு எண்டால்?" என்றார் பிளோறன்ஸ்.

"பிறகு எண்டால் பிறகு."

எவ்லின் கணினியை மூடினாள். கூட்டத்துக்கான பேச்சு பாதியில் நின்றிருந்தது. எங்கட ஆள் என்ற வரியோடு. அவள் எழும்பிக் கழுத்துத் துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். குரலில் இப்போது கோபம் இல்லை. வேலை இடத்தில் யாருக்கோ முடிவு வாசிக்கிற குரல் போல இருந்தது.

"ஜூலியனுக்கு இது ஒண்டும் தெரியாது அப்பா. அவன் பிறந்தது ஹாகனில. ஊரில ரெண்டு கோயில் இருந்தது எண்டே அவனுக்குத் தெரியாது. அவன்ர அப்பாவும் சொல்லியிருக்கமாட்டார். சொல்லாமல் விடத்தானே மன்னாருக்குப் போனவை." கழுத்துத் துண்டின் நுனியை உள்ளே செருகினாள். "ஹெட்விக்கும் அம்பது வயசு தாண்டும்வரைக்கும் தான் ஆர் எண்டு தனக்குத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவ. பிறகு ஒரு ஒஃபிஸில இருந்து வேற ஒண்டு சொல்லி அனுப்பிச்சினம்."

செல்வரட்ணம் குவளையைக் குழாயடியில் வைத்தார்.

"இப்ப எங்கள் மூண்டு பேருக்கும் தெரியும். மச்சாளுக்கும் தெரியும். நாளைக்கு அவன் இந்தக் கதிரையில இருந்து, உங்களைப் பாத்து மாமா எண்டு கூப்பிடேக்க, அவன் ஆர் எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது? நீங்களா, நானா?"

பிளோறன்ஸ் நெருப்பைக் குறைத்தார். செல்வரட்ணம் மேசை விளிம்பைப் பிடித்தார். அவருக்குத் தெரிந்த எல்லாப் பெயர்களும், யார் யாருக்குப் பிள்ளை என்ற அத்தனை கணக்கும் தலைக்குள் இருந்தன. அவற்றில் ஒன்றும் இதற்குப் பதிலாக வரவில்லை.

எவ்லின் வாசல் நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அறையை விட்டுப் போனாள்.